‘விச்’சை விட்டால் மார்க்கைக் குறைப்பதா?

“ஐ பாட் எ பென். இட் இஸ் லாஸ்ட்.” இந்த இரண்டு வாக்கியங்களையும் ஒன்றாகச் சேர்த்து எழுது என்பது நம் பள்ளிக்கூடங்களில் அப்பா காலத்திலிருந்து கேட்கப்படும் கேள்வி. எதிர்பார்க்கும் விடை, “தி பென் விச் ஐ பாட் இஸ் லாஸ்ட்.” விச்சுக்குப் பதில் தட் போட்டாலும் ஒத்துக்கொள்வார்கள். இரண்டையும் விட்டுவிட்டு “தி பென் ஐ பாட் இஸ் லாஸ்ட்” என்று எழுதினான் பத்தாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகன். மார்க் போனது. பென்னுக்கும் ஐ-க்கும் நடுவே சிவப்பு மையில் ஒரு கூர்முனைக் குறி, அதன் தலையில் ‘விச்’, ஓரத்தில் ஒரு பெருக்கல் குறி.

“ஏன் சித்தி, கிரிக்கெட் கமெண்ட்ரியில ‘தி ஷாட் ஹி ப்ளேய்ட்’னுதானே சொல்றாங்க? அவங்க பேசறதும் தப்பா?” என்று கேட்டான். அவர்கள் பேசுவது தப்பில்லை. அவன் எழுதியதும் தப்பில்லை. ‘ரிலேட்டிவ் ப்ரோனவுனைப் பயன்படுத்திச் சேர்த்து எழுதுக’ என்று கேள்வி இருந்திருந்தால் திருத்தியவர் பக்கம் நியாயம் உண்டு. கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தேன். சேர்த்து எழுதச் சொன்னதோடு சரி. அவன் எழுதியது முழுக்கச் சரியான ஆங்கிலம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் வீட்டில் பேனா தொலைந்தால் பெரும்பாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

நான் கோயம்புத்தூரில் பம்ப், மோட்டார் கம்பெனிகளுக்கு ஆங்கில மேனுவல் எழுதிக் கொடுக்கிறேன். பம்ப்பை எப்படிப் பொருத்துவது, எப்படி ஓட்டுவது, ஓடாமல் நின்றால் முதலில் எதைப் பார்ப்பது என்று படிப்படியாக எழுதுகிற வேலை. பெட்டியைப் பிரித்ததும் பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்திருக்குமே, அந்தப் புத்தகம். அது பொள்ளாச்சித் தோப்புக்கும் போகிறது, ஆப்பிரிக்காவுக்கும் போகிறது. தட், விச், ஹூ, ஹூம் என்ற சொற்களை எங்கே வைப்பது, எங்கே எடுப்பது என்பது என் மேஜையில் தினமும் வந்து நிற்கும் கேள்வி. அதனால் இதைப் பற்றி எனக்கு அழுத்தமான அபிப்பிராயம் உண்டு. இந்தச் சொற்களைச் சேர்க்க மட்டும் நம் பள்ளிகள் சொல்லித்தருகின்றன, விடச் சொல்லித்தருவதில்லை. எங்கே விடலாம் என்று தெரியாத பிள்ளைக்கு, எங்கே விடவே கூடாது என்பதும் தெரியாமல் போகிறது.

எழுதுவதைவிடக் கேட்பதிலும் படிப்பதிலும்தான் இதனால் வரும் நஷ்டம் அதிகம். வெளிநாட்டு மருத்துவமனை வேலைக்கு நேர்காணல் கொடுக்கும் நர்ஸிடம் போனில் ஒருவர் “தி ஃபார்ம் வீ சென்ட் யூ ஹேஸ் டு பி சைன்ட்” என்கிறார். நாங்கள் அனுப்பிய ஃபாரத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது பொருள். ஃபார்ம் என்ற சொல்லை அடுத்து விச் வரும் என்று பழக்கப்பட்ட காதுக்கு, அது வராததால், “வீ சென்ட் யூ” தனியாக வந்து விழுகிறது. நாங்கள் உன்னை அனுப்பினோம் என்று புரிந்துகொண்டு அவர் திகைத்து நிற்பார். அந்த வாக்கியத்தில் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. ஃபாரமும் தெரியும், கையெழுத்தும் தெரியும். விட்டுப்போன ஒரு சொல்தான் தெரியவில்லை. இந்த மாதிரி வாக்கியங்கள் பேச்சு ஆங்கிலத்தில் அபூர்வமும் இல்லை. 1999ல் வெளிவந்த லாங்மன் பேச்சு, எழுத்து ஆங்கில இலக்கண நூல் லட்சக்கணக்கான வாக்கியங்களை அலசிச் சொன்னதும் இதைத்தான். இணைப்புச் சொல்லை விடுவது உரையாடலில் சர்வ சாதாரணம், ஆராய்ச்சிக் கட்டுரையில் குறைவு. நம் பிள்ளைகளுக்கு முதலில் தேவைப்படுவது உரையாடல்.

விதி ஒன்றும் கஷ்டமில்லை. இணைப்புச் சொல்லுக்கு அடுத்து என்ன நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அடுத்து ஒரு ஆளோ பொருளோ நின்று, அதற்குப் பிறகு வினை வந்தால் இணைப்புச் சொல்லை விடலாம். “தி மேன் ஹூம் ஐ மெட்.” ஹூமுக்கு அடுத்து ஐ நிற்கிறது. எடுத்துவிடலாம்: “தி மேன் ஐ மெட்.” நேராக வினையே வந்தால் விட முடியாது. “தி மேன் ஹூ கேம் எஸ்டர்டே இஸ் மை அங்கிள்.” ஹூவை எடுத்தால் “தி மேன் கேம் எஸ்டர்டே”, அந்த ஆள் நேற்று வந்தார் என்று வாக்கியம் அங்கேயே முடிந்துபோகிறது. மிச்சமிருக்கும் “இஸ் மை அங்கிள்” ஒட்ட இடமில்லாமல் தொங்கும். முதல் வாக்கியத்தில் ஹூம் செயப்படுபொருள், இரண்டாவதில் ஹூ எழுவாய். செயப்படுபொருளாக வந்தால் விடலாம், எழுவாயாக வந்தால் விடக் கூடாது. நம் ஊரில் பழைய அலமாரிகளில் கட்டாயம் இருக்கும் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணத்திலேயே இது ஒரு சிறு குறிப்பாக இருக்கிறது. பாடம் நடத்தும்போது அந்தக் குறிப்பைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

காற்புள்ளிக்கு உள்ளே வரும் கூடுதல் தகவலில் மட்டும் செயப்படுபொருளாக இருந்தாலும் விட முடியாது. “மை பிரதர், ஹூம் யூ மெட் எஸ்டர்டே, இஸ் எ டாக்டர்” என்பதில் ஹூம் இருந்தே தீர வேண்டும். யாருடைய என்ற பொருளில் வரும் ஹூஸையும் எங்கேயும் விட முடியாது.

“தி பெர்சன் டு ஹூம் ஐ ஸ்போக்” என்பதில் ஹூமை மட்டும் எடுத்தால் வாக்கியம் உடையும். டு என்ற சொல்லைக் கடைசிக்குத் தள்ளிவிட்டால் “தி பெர்சன் ஐ ஸ்போக் டு” என்று அழகாக நிற்கும். வாக்கியத்தை அப்படி ஒரு முன்னிடைச் சொல்லில் முடிக்கக் கூடாது என்று நம் ஆசிரியர்கள் இன்னும் பயமுறுத்துகிறார்கள். பென் ஜான்சனின் வாக்கியங்கள் அப்படி முடிவதை 1672ல் ஜான் டிரைடன் குறை சொன்னார். அவர் கிளப்பிய அந்த ஆட்சேபம் பள்ளிக்கூட விதியாக இறுகி நம்மிடம் வந்து சேர்ந்தது. இங்கிலாந்திலேயே அதை இன்று பெரிதாக யாரும் மதிப்பதில்லை. இந்தப் பயத்தால்தான் நம் பிள்ளைகள் “தி பர்ப்பஸ் ஃபார் விச் ஐ ஹேவ் கம்” என்று எழுபது வயது குமாஸ்தா மாதிரிப் பேசுகிறார்கள்.

சேர்க்க மட்டுமே பழகியதால் வரும் இன்னொரு கோளாறு, “தி வே ஹவ் ஹி டிட் இட்.” பேச்சிலும் கடிதத்திலும் இதை அடிக்கடி பார்க்கிறேன். வே என்ற சொல்லுக்குப் பின்னால் ஹவ் வராது, விச்சும் வராது. “தி வே ஹி டிட் இட்” என்றால் போதும். இங்கே விடுவதுதான் இயல்பு. ஏதாவது ஒன்றைப் போட்டே ஆக வேண்டும் என்று பழகிய கை, காலி இடத்தைக் கண்டதும் கிடைத்ததைச் செருகிவிடுகிறது.

‘விடுவது கொச்சை’ என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்துக்குப் போக வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னால் ஆங்கிலேயர்கள் தாராளமாக விட்டார்கள். ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலத்தில் எழுவாயாக வரும் இணைப்புச் சொல்லைக்கூட விடுவது உண்டு. “தேர் இஸ் எ மேன் வான்ட்ஸ் டு சீ யூ” என்று சில வட்டார வழக்குகளில் இன்றும் பேசுகிறார்கள். பிறகு லத்தீனை அளவுகோலாக வைத்து ஆங்கிலத்தைத் திருத்தும் காலம் வந்தது. 1711ல் ‘தி ஸ்பெக்டேட்டர்’ பத்திரிகையில் ஹூவும் விச்சும் சேர்ந்து ஒரு புகார் மனு கொடுப்பதாக ரிச்சர்ட் ஸ்டீல் எழுதினார். எங்கிருந்தோ வந்த தட் எங்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்பது மனுவின் சாரம். உண்மையில் தட் அவை இரண்டையும்விட மூத்தது. பழைய ஆங்கிலத்தில் இந்த வேலையை விச்சும் செய்யவில்லை, ஹூவும் செய்யவில்லை. இரண்டும் பிற்காலத்தில் இந்தப் பதவிக்கு வந்தவை. 1783ல் எடின்பரோவின் ஹ்யூ பிளேர் தன் சொற்கலை விரிவுரைகளில் ஒரு கோடு கிழித்தார். பேச்சிலும் கடிதத்திலும் விடுவது பரவாயில்லை, கௌரவமான எழுத்தில் விடாமல் சேர்க்க வேண்டும் என்றார். லிண்ட்லி மரேயின் இலக்கணம் 1795ல் வந்தது. பள்ளிகளில் அதிகம் புழங்கிய இலக்கண நூல்களில் ஒன்று அது. அந்தத் தலைமுறை இலக்கணக்காரர்களின் கண்டிப்புதான், பரம்பரை பரம்பரையாகக் கைமாறி, என் அக்கா மகனின் விடைத்தாள்வரை வந்திருக்கிறது.

இந்தப் பார்வையை மாற்றியவர்களில் முக்கியமானவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஆட்டோ ஜெஸ்பெர்சன். ஆங்கிலத்தை வெளியிலிருந்து கற்றவர், நம்மைப் போல. “தி பென் ஐ பாட்” என்பதில் எதுவும் விட்டுப்போகவில்லை, இரண்டு துண்டுகள் நேராகத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன, அவ்வளவுதான் என்று வாதாடினார். அதற்கு ‘கான்டாக்ட் க்ளாஸ்’ என்று பெயரும் வைத்தார். ஆங்கிலம் படிக்கும் தமிழ்ப் பிள்ளைக்கு இதைவிட உபயோகமான பெயர் கிடையாது என்று நினைக்கிறேன். என்ன விட்டுப்போனது என்று தேடாதே, எங்கே தொடுகிறது என்று பார் என்கிறது அது.

ஏன் தமிழ்ப் பிள்ளைக்கு? நம் மொழியில் ரிலேட்டிவ் ப்ரோனவுன் என்று ஒன்று கிடையாது. ‘நான் வாங்கிய பேனா’ என்கிறோம். எந்தப் பேனாவை நான் வாங்கினேனோ அந்தப் பேனா என்று யாரும் பேசுவதில்லை. பெயரெச்சம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. இடம், பொருள், காலம், கருவி, செய்தவன், செயல் என்று ஆறு வகைப் பெயரோடும் அது முடியும் என்று தொல்காப்பியம் சொல்கிறது. ‘நான் படுத்த பாய்’ என்றால் பாயின் மேல் படுத்தேன். ‘வெட்டிய கத்தி’ என்றால் கத்தியால் வெட்டினேன். மேல், ஆல் எதையும் சொல்லவில்லை, ஆனாலும் புரிகிறது. இப்படி ஒரு மொழியில் பிறந்த பிள்ளைக்கு “தி பென் ஐ பாட்” அந்நியமாக இருக்கவே நியாயமில்லை.

ஆனாலும் தடுக்குகிறது. காரணம் ‘வாங்கிய’ என்பதன் கடைசியில் இருக்கும் அகரம். அந்த அகரம் ஒரு கீல் மாதிரி. அதைக் கேட்டதுமே பின்னால் ஒரு பெயர் வரப்போகிறது, வினை அதோடு இணையும் என்று மனம் தயாராகிவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த வேலையை தட்டும் விச்சும் செய்கின்றன. அவற்றை எடுத்துவிட்டால் கீலும் போய்விடுகிறது. மிச்சமிருக்கும் ஒரே அடையாளம், நடுவில் காற்புள்ளியோ ‘அண்ட்’டோ இல்லாமல் இரண்டு பெயர்கள் முட்டிக்கொண்டு நிற்பது. பென், ஐ. ஃபார்ம், வீ. ஷாட், ஹி. ஜெஸ்பெர்சன் சொன்ன தொடும் இடம் இதுதான். இந்த முட்டலைக் காதால் பிடிக்கப் பழகிவிட்டால், பாதிக்கு மேல் பேச்சு ஆங்கிலம் திறந்துகொள்ளும். ஏழாம் வகுப்பிலேயே பழக்கலாம். இலக்கணப் பெயர் எதுவும் தேவையில்லை, வாய்விட்டுப் படிக்கவைத்தால் போதும்.

விடலாம் என்று இலக்கணம் அனுமதிக்கிற இடத்தில் எல்லாம் விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. என் தொழிலில் நேர்மாறாகச் சண்டை போட வேண்டியிருக்கிறது.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. பம்ப் தண்ணீரை ஏற்றவில்லை. தோப்புக்காரர் கூப்பிட்டு வந்த மெக்கானிக் அனுபவசாலி, ஐடிஐ படித்தவர். இம்பெல்லர், கிளாண்ட், ஸ்டார்ட்டர் என்று தொழில் சொல் எல்லாம் அவருக்கு மனப்பாடம், மற்ற ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான். பெட்டியில் இருந்த மேனுவலில் இப்படி ஒரு வரி: “செக் தி பைப் தி நான் ரிட்டர்ன் வால்வ் இஸ் ஃபிட்டட் டு.” அவர் பைப்பையும் பார்த்தார், நான் ரிட்டர்ன் வால்வையும் (சுருக்கமாக என்ஆர்வி) கழற்றினார். கழற்றும்போது கேஸ்கெட் கிழிந்தது. கையில் மாற்று கேஸ்கெட் இல்லை. டவுனுக்குப் போய் வாங்கி வருவதற்குள் த்ரீ ஃபேஸ் கரண்ட் வரும் நேரம் முடிந்துவிட்டது. அன்றைக்குத் தோப்புக்குத் தண்ணீர் இல்லை. கடைசியில் பார்த்தால் கோளாறு பைப் ஜாயிண்ட்டில். வால்வில் ஒன்றுமே இல்லை.

வேறொரு வேலையாகப் போனபோது அந்தப் புத்தகத்தை என்னிடம் காட்டினார். “அம்மிணி, பைப்பு, என்ஆர்வி ரெண்டையும் பாருன்னுதானுங்களே போட்டிருக்குது?” என்றார். அவர் படித்த விதத்தில் குற்றமே இல்லை. பைப், வால்வ் என்று இரண்டு பெயர்கள் முட்டிக்கொண்டு நிற்கின்றன. பட்டியல் என்றுதான் யாருக்கும் தோன்றும். பேனாவை எடுத்து பைப்புக்குப் பின்னால் ‘தட்’ என்று எழுதி, “இப்பப் படிங்கண்ணா” என்றேன். விரலை வைத்துப் படித்தார். “என்ஆர்வி மாட்டியிருக்கிற பைப்புங்களா? அதை முதல்லயே இப்படிப் போட்டிருந்தா நான் ஏனுங்க வால்வைத் தொடறேன்?” என்றார். ஒரு தட் சேர்ந்ததும் அவர் மனதில் பெயரெச்சம் வந்துவிட்டது.

அந்த மேனுவலை எழுதியவர் இலக்கணப் பிழை எதுவும் செய்யவில்லை. விதிப்படி அங்கே தட்டை விடலாம். லண்டனில் இருக்கும் வாசகருக்கு அது உறுத்தியிருக்காது. படிக்கப்போவது யார் என்பதைத்தான் அவர் யோசிக்கவில்லை.

விமானத் தொழிலில் இதை எப்போதோ யோசித்திருக்கிறார்கள். விமானத்தைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்குகளில் ஏராளமானோருக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை. அவர்களுக்காக ஐரோப்பிய விமானத் தயாரிப்பாளர்கள் 1986ல் எளிய ஆங்கிலத்துக்கு ஒரு வழிகாட்டி கொண்டுவந்தார்கள். இன்று அதற்கு ஏஎஸ்டி-எஸ்டிஇ100 என்று பெயர். செய்முறை வாக்கியம் 20 சொற்களைத் தாண்டக் கூடாது என்று கறாராகச் சொல்லும் அதே வழிகாட்டி, வாக்கியத்தைச் சுருக்குவதற்காகச் சொற்களை விடாதே என்றும் சொல்கிறது. சுருக்கமும் வேண்டும், ஆனால் விடவும் கூடாது. இரண்டையும் சேர்த்துச் சாதிப்பது எப்படி என்றால், வாக்கியத்தை உடைப்பது. அந்தப் பொள்ளாச்சி வரியை நான் எழுதுவதாக இருந்தால் மூன்று வாக்கியம் ஆக்குவேன். டெலிவரி பைப்பில் நான் ரிட்டர்ன் வால்வ் இருக்கிறது. இந்தப் பைப்பைச் சரிபார். வால்வைத் திறக்காதே. ஜான் கோல் 2008ல் எழுதிய ‘தி குளோபல் இங்கிலீஷ் ஸ்டைல் கைட்’ என்ற நூலும் இதே தரப்புதான். தட் போன்ற சின்னச் சொற்களை வாசகருக்கு வழிகாட்டும் அடையாளங்கள் என்கிறார் அவர். அந்நிய மொழியில் படிப்பவருக்கும், மொழிபெயர்ப்பவருக்கும், மொழிபெயர்க்கும் இயந்திரத்துக்கும் அவை தேவை.

தாய்மொழிக்காரர்களே எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விடுவதில்லை என்பதைக் கவனித்தால் இது இன்னும் தெளிவாகும். “ஆல் ஐ வான்ட்”, “தி பெஸ்ட் ஃபிலிம் ஐ ஹேவ் சீன்”, “எவ்ரிதிங் ஷி செட்” இவற்றில் தட் போட்டுக் கேட்பதே அபூர்வம். எல்லாம், மிகச் சிறந்தது, ஒரே ஒன்று என்று ஆரம்பித்தாலே பின்னால் விளக்கம் வரப்போகிறது என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. வருவதும் ஐ, ஷி போன்ற சின்னச் சொல். தடுமாற வழியில்லை. அடுத்து வருவது நீளமான பெயராக இருந்தால் நிலைமை வேறு. “தி பம்ப் தி ஃபார்மர்ஸ் ஆஃப் த்ரீ வில்லேஜஸ் பாட்” என்று எழுதினால் பாட் வருவதற்குள் மூச்சு வாங்குகிறது. நல்ல எழுத்தாளர் அங்கே தானாகவே ஒரு தட் போடுவார். விடுவதற்கும் வைப்பதற்கும் நடுவே அவர்கள் காது ஓயாமல் கேட்பவரை நினைத்துக்கொண்டிருக்கிறது. இந்தக் காதை வளர்ப்பதுதான் மொழிப் பாடம்.

இணைப்புச் சொல்லோடு கூடவே இஸ், வாஸ் போன்றவற்றையும் சேர்த்து எடுக்கும் இன்னொரு சுருக்கம் உண்டு. “தி கேபிள் விச் இஸ் சப்ளைட் வித் தி பம்ப்” என்பதை “தி கேபிள் சப்ளைட் வித் தி பம்ப்” என்று எழுதலாம். இதில் ஆபத்தில்லை. ஆனால் “தி மோட்டார் ஸ்டார்ட்டட் இன் தி மார்னிங் ஸ்டாப்ட்” என்று ஒருவர் சர்வீஸ் ரிப்போர்ட்டில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் காலையில் ஓட ஆரம்பித்தது என்று வாசகர் மனதில் வாக்கியத்தை முடித்துவிட்ட பிறகு, ஸ்டாப்ட் என்று ஒரு சொல் வந்து எல்லாவற்றையும் கலைக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்த மோட்டார் நின்றுவிட்டது என்பதுதான் பொருள். ‘தட் வாஸ்’ என்று இரண்டு சொற்கள் இருந்திருந்தால் இந்தக் குழப்பம் இல்லை. படிப்பவரைப் பாதி வழியில் தவறான பாதைக்கு இழுத்துவிடும் இந்த வகை வாக்கியங்களை 1970ல் தாமஸ் பீவர் என்ற அமெரிக்க மொழி உளவியலாளர் எடுத்துக்காட்டினார். தாய்மொழிக்காரர்களே அவற்றில் வழுக்கி விழுகிறார்கள்.

நம் இலக்கணக்காரர்களும் இதே இடத்தில் நின்று யோசித்திருக்கிறார்கள். ‘புலி கொல் யானை’ என்றால் புலி கொன்ற யானையா, புலியைக் கொன்ற யானையா? உருபு இல்லாததால் செத்தது எது, கொன்றது எது என்பது தடுமாறுகிறது. தடுமாறு தொழிற்பெயர் என்று அதற்குப் பெயர். தொல்காப்பியம் அதைத் தடை செய்யவில்லை. இரண்டு பொருளும் வரும் என்று ஒப்புக்கொண்டு, அறிந்தவர்கள் பொருளை வைத்துப் பிரித்து உணர்வார்கள் என்று மேலே போகிறது. தவறு என்று பெருக்கல் குறி போடாமல், தடுமாறும் இடத்தை அடையாளம் காட்டிக் கொடுத்திருக்கிறது. ஆங்கில வகுப்பிலும் எனக்கு வேண்டியது அந்த மனப்பான்மைதான்.

ஆகவே பாடத்திட்டம் வகுப்பவர்களிடமும் வினாத்தாள் தயாரிப்பவர்களிடமும் சில கோரிக்கைகள். ரிலேட்டிவ் ப்ரோனவுனைப் பயன்படுத்து என்று கேள்வி வெளிப்படையாகச் சொல்லாதபோது, விட்டு எழுதிய விடைக்கும் முழு மார்க் என்று விடைக்குறிப்பிலேயே அச்சடியுங்கள். திருத்துபவரின் விருப்பத்துக்கு விட்டால் கிராமத்துப் பிள்ளைக்கு ஒரு நியாயம், நகரத்துப் பிள்ளைக்கு ஒரு நியாயம் ஆகிவிடும். சேர்க்கும் பயிற்சி பத்து இருந்தால், இணைப்புச் சொல் இல்லாத பத்து வாக்கியங்களைக் கொடுத்து, இரண்டு பெயர்கள் எங்கே முட்டுகின்றன என்று கோடு போடச் சொல்லும் பயிற்சியும் பத்து இருக்கட்டும். இதை எழுத்துத் தேர்வோடு நிறுத்தாமல், ஆசிரியர் வாசிக்கப் பிள்ளைகள் காதால் கேட்டுச் சொல்வதாகவும் வைக்கலாம். செலவில்லாத பயிற்சி.

ஐடிஐ, பாலிடெக்னிக், நர்ஸிங் மாணவர்களுக்கு அடுத்த படி வேண்டும். அவர்கள் எழுதப்போவது சர்வீஸ் ரிப்போர்ட்டும் ஷிப்ட் மாறும்போது அடுத்தவருக்கு எழுதிவைக்கும் குறிப்பும். அதைப் படிப்பவர் தூக்கக் கலக்கத்தில் இருப்பார், அவசரத்தில் இருப்பார், ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவராக இருப்பார். அங்கே தட்டை வைக்கச் சொல்லிக்கொடுங்கள். “கிவ் தி டேப்லெட் தட் தி டாக்டர் சேஞ்ச்ட் எஸ்டர்டே” என்று முழுதாக எழுதட்டும். எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு என்பதை அடுத்த வரியில் தனி வாக்கியமாக எழுதட்டும்.